காகமும் கோப்பித் துருவும்



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் சகோதரி ஒருவரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. முற்றத்தில் சுளகில் காயப் போட்ட கருவாட்டை, அவர் குசினிக்குள் போய்வந்த இடைவெளியில் காகங்கள் தூக்கிக்கொண்டு போய்விட்டனவாம். முந்தின வாரம் கோழிக்குஞ்சு இரண்டும் போயிருக்கின்றன. "அல்லாஹ்வின் படைப்பில் இதைவிடக் கேடு செய்யும் பிராணி உண்டா?" என்று கோபத்தோடு கேட்டிருக்கிறார். கருவாட்டைக் காப்பாற்ற ஒரு வழியும் கேட்டிருக்கிறார்.

வழியைக் கடைசியில் சொல்கிறேன். முதற் கேள்வி என்னை ஒரு வாரமாக விடவில்லை. கேடு என்ற ஒன்றை மட்டும் அளவுகோலாக வைத்தால் காகத்துக்குப் பக்கத்தில் யாரை நிறுத்துவது? பாம்பையா, நுளம்பையா? யோசித்துப் பார்த்தபோது, நம் நாட்டு மலையகத்தில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரு பூஞ்சணம் நினைவுக்கு வந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் இந்த இனத்தைப் பங்கசு என்று படித்திருப்பீர்கள். அந்தப் பூஞ்சணத்துக்குக் கோப்பித் துரு என்று பெயர். பறவையையும் பூஞ்சணத்தையும் எப்படி ஒப்பிடுவது என்று சிரிக்காதீர்கள். இவை இரண்டும் நம் இலங்கையோடு பெயர் இணைந்து உலகம் சுற்றியவை. ஓரிடத்தில் ஒன்றின் கதை மற்றதன் கதையோடு வந்து முட்டவும் செய்கிறது.

முதலில் காகம். நம் ஊரில் இரண்டு வகை உண்டு. உடம்பெல்லாம் ஒரே கறுப்பாகவும் அலகு தடித்தும் இருப்பது அண்டங்காகம். கழுத்தும் பிடரியும் சாம்பல் பூத்தது போல இருப்பது ஊர்க்காகம். கருவாடு தூக்கியது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான். இதற்கு ஒரு விசித்திரமான குணம். மனிதர் வாழாத காட்டில் இது வாழாது. வில்பத்துவின் நடுக்காட்டில் போய்த் தேடினால் கிடைக்காது. மீன் சந்தையில், குப்பை மேட்டில், மடுவத்தின் பின்புறத்தில் தேடினால் கூட்டம் கூட்டமாகக் கிடைக்கும். சீனன்குடாவில் 1980 முதல் பிரீமா மாவு ஆலை இயங்கி வருகிறது. கோதுமை இறக்கும் இடத்தில் மணி சிந்துவதும், சிந்தியதைப் பொறுக்கப் பறவைகள் கூடுவதும் வழமை. நாம் எதை உண்டாலும் அதன் மிச்சத்தை உண்ண இதற்குத் தெரியும். பாண், சோறு, மீன் குடல், எலி, முட்டை, பல்லி, பழம் எதுவும் விலக்கில்லை.

இந்தக் காகத்துக்கு நம் மார்க்கத்தில் இருக்கும் இடமும் இரட்டைத் தன்மை கொண்டது. சூரத்துல் மாயிதாவில் ஆதம் (அலை) அவர்களின் இரு மக்களின் வரலாறு வருகிறது. சகோதரனைக் கொன்றுவிட்டு அந்த உடலை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றவனுக்கு, மண்ணைத் தோண்டிக் காட்ட அல்லாஹ் அனுப்பியது ஒரு காகத்தை. மனித குலத்துக்கு மையித்தை அடக்கம் செய்யக் காட்டிக்கொடுத்த ஆசான் அது. அதே வேளையில், ஹரம் எல்லைக்குள்ளும் கொல்ல அனுமதியுள்ள ஐந்து பிராணிகளைச் சொல்லும் ஹதீஸில் பருந்து, தேள், எலி, வெறிநாய் ஆகியவற்றோடு காகமும் எண்ணப்பட்டிருக்கிறது. ஆசானும் அதுதான், குற்றவாளியும் அதுதான். கடிதம் எழுதிய சகோதரி இரண்டாவதை மட்டும் நினைவு வைத்திருக்கிறார் போலும்!

இனிக் கோப்பித் துரு. அக்குறணை, கம்பளை, மாவனல்லைப் பக்கம் உங்களுக்கு உறவினர் இருந்தால், அடுத்த முறை போகும்போது வீட்டுத் தோட்டத்துக் கோப்பி மரத்தின் இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் மஞ்சளும் செம்மஞ்சளுமாகப் பொட்டுப் பொட்டாகத் தூள் படிந்திருக்கலாம். விரலால் தொட்டால் மஞ்சள்தூள் போல ஒட்டும். அந்தத் தூளின் ஒவ்வொரு துகளும் ஒரு வித்தி, அதாவது பூஞ்சணத்தின் விதை. ஒரு மில்லிமீற்றர் நீளத்துக்குள் முப்பது வித்திகளை வரிசையாக நிறுத்தலாம். அவ்வளவு சிறியது.

ஊர்க்காகம் ஓர் ஈட்டுக்கு மூன்று முதல் ஐந்து முட்டை இடும். பதினாறு பதினேழு நாள் அடைகாக்கும். அதிலும் குயில் வந்து தன் முட்டையைக் கலந்துவிட்டுப் போகும். ஊரையே ஏமாற்றும் காகம் குயில் குஞ்சை ஊட்டி வளர்ப்பதை நீங்களே கண்டிருப்பீர்கள். துருவின் கணக்கோ வேறு. இலையில் ஒரு பொட்டு மட்டும் மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் மூன்று நான்கு இலட்சம் வித்திகளை உதிர்க்கும். ஒரு மரத்தில் எத்தனை இலை, ஓர் இலையில் எத்தனை பொட்டு என்று பெருக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஆனால் உணவு விடயத்தில் பாருங்கள், துரு மிகவும் பத்தியக்காரி! காகம் எதையும் தின்னும். துருவோ கோப்பி இலையைத் தவிர வேறெதையும் தொடாது. அதிலும் உயிருள்ள இலைதான் வேண்டும். காய்ந்து விழுந்த இலையில் அதற்கு வாழ்வில்லை. இலை மேல் ஈரம் நிற்க வேண்டும். ஈரமில்லாவிட்டால் வித்தி முளைக்காது. முளைத்ததும் இலையின் அடிப்புறத்திலுள்ள மூச்சுத் துவாரம் வழியாக உள்ளே இறங்கும். இலை உதிரும். மரம் உடனே சாவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு மெலியும், காய் குறையும், கிளை நுனியிலிருந்து காயும். காகம் கண்ணெதிரே களவெடுக்கிறது. துரு வீட்டுக்குள் இருந்துகொண்டே உயிரை உறிஞ்சுகிறது.

கோப்பி நமக்கு அந்நியமான பானமல்ல, சகோதரிகளே. செடியின் பூர்வீகம் எதியோப்பியா. ஆனால் அதைப் பானமாக உலகுக்குப் பழக்கியது யெமன். 15ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த சூபியாக்கள் இரவு திக்ருகளுக்குக் கண் விழித்திருக்க அதைக் குடித்தார்கள். கஹ்வா என்ற அரபுச் சொல்தான் பல மொழிகளில் உருமாறி நம் வாயில் கோப்பி என்று நிற்கிறது. இலங்கைக்கும் அரபு வணிகரே செடியைக் கொண்டுவந்தனர் என்பது மரபு. அக்காலத்தில் அது வீட்டு முற்றத்துச் செடி. பின்னர் ஆங்கிலேயர் 1820களிலிருந்து மலைக்காட்டை வெட்டி எரித்துத் தோட்டம் தோட்டமாக நடத் தொடங்கினார்கள். கண்டிச் சீமை முழுவதும் ஒரே செடி, வரிசை வரிசையாக. 1870ஆம் ஆண்டளவில் ஏற்றுமதி ஏறக்குறையப் பத்துக் கோடி இறாத்தல். உலகில் முன்னணியில் நின்ற நாடுகளில் இலங்கையும் ஒன்று.

1869ஆம் ஆண்டு ஊவா மலைகளில் மடுல்சீமைப் பகுதித் தோட்டம் ஒன்றில் சில இலைகளில் செம்மஞ்சள் பொட்டுகள் தென்பட்டன. பேராதனைப் பூந்தோட்டத்தின் பொறுப்பாளராயிருந்த துவெயிட்ஸ் அந்த இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பாதிரியாரும் பூஞ்சண ஆய்வாளருமான பார்க்லி அதே ஆண்டில் அதற்குப் பெயர் சூட்டினார்: ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். வித்தியின் ஒரு பாதி வழவழப்பு, மறு பாதி முள். அதனால் முதற்பெயர் 'பாதி வழவழப்பு' என்று பொருள்படும். இரண்டாம் பெயருக்குப் 'பாழாக்குபவள்' என்று பொருள். பெயர் சூட்டிய நாளில் நாசம் இன்னும் முழுமையாகத் தொடங்கவில்லை என்பதை நினைத்தால் உடம்பு சிலிர்க்கிறது.

தோட்டத்துரைமார் முதலில் அலட்சியம் செய்தார்கள். ஒரு போகம் கெட்டால் மறு போகம் திருந்தும் என்று நினைத்தார்கள். கோப்பி விலை ஏறிக்கொண்டிருந்ததால் மேலும் காட்டை வெட்டி மேலும் நட்டார்கள். நோய் கண்ட வீட்டில் பந்தியை நீட்டியது போன்ற வேலை இது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்டார். கண்ணாடித் துண்டுகளில் பிசுபிசுப்பான கிளிசரின் தடவிக் காற்றில் தொங்கவிட்டார். வித்திகள் வந்து ஒட்டின. நோய் காற்றில் போகிறது என்பது அப்படித்தான் நிரூபணமாயிற்று. ஒரே செடியை மைல் கணக்கில் இடைவெளியில்லாமல் நட்டதுதான் அந்தக் காற்றுக்கு வழி விட்டது என்றும் அவர் கண்டார். மருந்து அவர் கையில் இல்லை. செம்புச் சத்தும் சுண்ணாம்பும் கலந்து தெளிக்கும் போர்தோ கலவை பிரான்சில் 1885இல்தான் அறிமுகமாயிற்று. அதற்குள் இங்கே எல்லாம் முடிந்துகொண்டிருந்தது. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. 1889இல் கோப்பி உற்பத்தி சுமார் ஐம்பது இலட்சம் இறாத்தலாக விழுந்துவிட்டது. பத்துக் கோடி எங்கே, ஐம்பது இலட்சம் எங்கே!

துரைமார் நட்டத்தைப் பற்றி நிறையப் புத்தகங்கள் உண்டு. கூலிகளின் நட்டம் பற்றிக் குறைவு. கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் ஆள் வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கடல் தாண்டி மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்து, கோப்பி பறித்துவிட்டுப் பலர் திரும்பிப் போனார்கள். அந்த வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் விழுந்தவர்கள் ஏராளம். தோட்டங்கள் முறிந்தபோது, மாதக் கணக்கில் சேர்ந்திருந்த கூலி பாக்கி கைக்கு வராமலே வெறுங்கையோடு திரும்பியவர்களும் உண்டு. கோப்பி போன நிலத்தில் தேயிலை ஏறியது. ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 1867இலேயே 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே குடும்பத்தோடு லயத்தில் தங்க வைத்தார்கள். கூடை சுமந்த கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். மலையகத்தில் ஒரு மக்கள் கூட்டம் நிலையாகக் குடியேறியதற்கு இந்தக் கண்ணுக்குத் தெரியாத தூளும் ஒரு காரணம். காலையில் பிளேன்டியை ஊற்றும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். (ஆங்கிலேயர் தேநீர் குடிக்கப் பழகியதே இந்தத் துருவால்தான் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. அதற்கு முன்பே நூறு ஆண்டுக்கு மேலாக அவர்கள் சீனத் தேயிலையைக் குடித்து வந்தார்கள்.)

இனி இரண்டு கதையும் முட்டும் இடத்துக்கு வருவோம். இலங்கையில் கோப்பி விழுந்த பிறகு மலாயாவில் சிலாங்கூர்ப் பக்கம் கோப்பித் தோட்டங்கள் எழும்பின. அங்கே துரு மட்டுமல்ல, இலையைத் தின்னும் மயிர்க்கொட்டி இனமும் தொல்லை கொடுத்தது. அதைத் தின்று தீர்க்க யாரை அழைத்தார்கள் தெரியுமா? 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் இலங்கையிலிருந்து நம் ஊர்க்காகத்தைப் பிடித்துக் கிள்ளான் துறைமுகப் பகுதிக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கோப்பியைக் காப்பாற்றப் போன காகம் அது! மலாயாவில் கோப்பித் தோட்டம் நிலைக்கவில்லை. றப்பர் வந்துவிட்டது. காகம் மட்டும் நிலைத்தது. பின்னாட்களில் அங்கே நகரசபைகள் துப்பாக்கிக்காரரை ஏற்பாடு செய்து காகம் சுடவேண்டிய நிலை வந்தது.

ஸன்ஸிபார்த் தீவிலும் அப்படித்தான். 1890களில் குப்பையைச் சுத்தம் செய்யட்டும் என்று கொண்டுபோய் விட்டார்கள். இன்று கிழக்காபிரிக்கக் கரை நெடுக அவைதான். உள்ளூர்ச் சிறு பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கின்றன. 2024இல் கென்யா பத்து இலட்சம் காகங்களை ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. யாரும் கொண்டுபோகாமல் தாமாகக் கப்பலேறிப் போனவையும் உண்டு. நீண்ட கடலைப் பறந்து கடக்க ஊர்க்காகத்தால் முடியாது. கப்பல் கம்பத்தில் உட்கார்ந்துகொள்ளும். மாலுமிகள் போடுவதைத் தின்னும். கரை கண்டதும் இறங்கும். செங்கடல் துறைமுகங்களுக்கு அது இவ்விதம் பழக்கமான விருந்தாளி. நம் முன்னோர் ஹஜ்ஜுக்குக் கப்பலில் போய் இறங்கிய ஜித்தாவிலும் இந்தச் சாம்பல் கழுத்தைக் காணலாம். ஒல்லாந்தில் ஹூக் என்ற துறைமுகத்தில் 1994இல் வந்து இறங்கி, 1997இல் அந்தக் குளிரிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரித்தன. பெருகுவதற்கு முன் அகற்றிவிட வேண்டும் என்று அந்நாட்டு அரசு முடிவு செய்தது.

துருவும் நிற்கவில்லை. 1870களில் தென்னிந்தியா, ஜாவா, சுமாத்திரா என்று பரவியது. ஒரு நூற்றாண்டு அமெரிக்கக் கண்டத்தை அட்லாண்டிக் சமுத்திரம் காத்தது. 1970இல் பிரேசிலின் பாஹியா மாநிலத்தில் கண்டுபிடித்தார்கள். 2012 முதல் மத்திய அமெரிக்கா முழுவதும் தாக்கி, 2013இல் குவாத்தமாலா அவசரநிலை அறிவிக்கும் வரை போயிற்று. அங்கே கோப்பி பறிப்பவர்களும் ஏழைக் குடும்பங்கள்தாம். வேலையிழந்து ஊரை விட்டுப் போனவர்கள் பலர். தீமோர்த் தீவில் தானாகக் கலப்பாகி முளைத்த ஒரு கோப்பி இனத்துக்குத் துருவைத் தாங்கும் சக்தி இருந்தது. அதை வைத்துப் பல புது இனங்களை உருவாக்கினார்கள். அவற்றில் சிலவற்றைத் துரு மறுபடியும் வென்றுவிட்டது.

ஆகவே சகோதரிக்கு என் பதில்: காகத்தைவிடக் கேடு செய்த படைப்பு உண்டு. அதற்கு மூளை இல்லை, கண் இல்லை, சிறகு இல்லை, குரலும் இல்லை. நம் கோபம் முழுவதும் காகத்தின் மேல் விழுவது, அது கண்ணில் படுவதாலும் சத்தம் போடுவதாலும்தான். ஆனால் இரண்டுக்கும் கதவு திறந்துவிட்டது யார் என்று கேட்டால் எனக்குக் கோபம் வேறு பக்கம் திரும்புகிறது. ஒரு மலை முழுவதும் ஒரே செடியை நடாதிருந்தால், எதியோப்பியக் காட்டில் மரத்துக்கு மரம் தூரமாய் நின்ற காலத்தில் போலத் துரு ஒரு மூலையில் கிடந்திருக்கும். நாம் மீன் குடலைக் கடதாசியில் சுற்றி மதிலுக்கு அப்பால் எறியாதிருந்தால், துறைமுக வீதியில் இத்தனை காகம் கூடியிருக்காது. கிண்ணியாவிலும் மூதூரிலும் மீன் வெட்டும் நம் கைகள் அந்தக் குடலை ஒரு குழியில் போட்டு மண் தள்ளினால் தென்னைக்குப் பசளை ஆகும். மண்ணைத் தோண்டி மூடும் வித்தையைக் காகமே காட்டித் தந்திருக்கிறது அல்லவா!

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும்போது நம்மில் சிலர் பெட்டிக்குள் ஈரத்துணியில் சுற்றி ஒரு தண்டு, ஒரு கன்று, ஒரு பிடி விதை கொண்டு வருகிறோம். ராத்தா வீட்டு ரோஜா, சாச்சி தந்த மல்லிகை. ஆசை விளங்குகிறது. ஆனால் 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம் இதைத்தான் கட்டுப்படுத்துகிறது. கட்டுநாயக்காவில் கேட்டால் மறைக்காமல் காட்டிவிடுங்கள். பிடுங்கிவிட்டார்களே என்று அதிகாரியைத் திட்டாதீர்கள். இலையில் ஒட்டிவரும் தூளை அவராலும் வெறுங்கண்ணால் பிரித்தறிய முடியாது. அதனால்தான் செடியையே நிறுத்தி வைக்கிறார். காகமென்றால் பெட்டிக்குள் கத்திக் காட்டிக்கொடுத்திருக்கும்!

வித்திக்குக் காற்று ஒன்றே போதும் என்று சொன்னேன் அல்லவா? நம் கிழக்கில் மார்கழியில் வாடையும் வைகாசிக்குப் பின் கச்சானும் வீசும். (கச்சான் என்றதும் சுருளில் விற்கும் கடலை நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.) கச்சான் காற்றுக் காலத்தில் கருவாடு விரைவாகக் காயும், வாடைக் காலத்தில் காயாமல் பூஞ்சணம் பூக்கும். அது கோப்பித் துருவின் தூரத்து உறவுதான். பூஞ்சணம் பூத்த கருவாட்டைக் கழுவிக் காயவைத்துச் சமைக்கலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். அதில் நஞ்சு இருக்கலாம், கழுவினால் போகாது. எறிந்துவிடுங்கள். எறிவதையும் குழியில் போட்டு மூடுங்கள்.

இனி நீங்கள் கேட்ட வழி. கந்தையை ஆட்டுவது, செத்த காகத்தைக் கட்டித் தூக்குவது எல்லாம் சில நாளைக்குத்தான். கடற்கரையில் பழைய மீன்வலைத் துண்டு கேட்டால் சும்மாவே தருவார்கள். நாலு தடியை நட்டு, கருவாட்டில் படாமல் ஒரு சாண் உயரத்தில் வலையை விரித்துக் கட்டுங்கள். சுளகை ஒட்டினாற்போல் போட்டால் வலைக்கண் வழியாகவே கொத்தி இழுத்துவிடும். ஓரங்களை நிலம் வரை இறக்கி, நாலு பக்கமும் கல் வையுங்கள். மூன்று பக்கம் வைத்துவிட்டுப் போதும் என்று உள்ளே போய்விடாதீர்கள். நாலாவது பக்கத்தை அது மதியத்துக்குள் கண்டுபிடித்துவிடும்.